சங்கத்து வண்டியும் உப்புத் தண்ணீரும்

சங்கத்துச் சரக்கு வண்டியின் ரேடியேட்டரில் எந்தத் தண்ணீரை ஊற்றுவது என்பது நிர்வாகக் குழுவினர் கூடிப் பேச வேண்டிய விஷயந்தானா என்று சிலர் கேட்கக்கூடும். அது ஓட்டுநர் பாடு, மெக்கானிக் பாடு என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன். இன்று அவ்வாறு எண்ணவில்லை. இராமநாதபுரம் மாவட்டத்தைப் பொறுத்தவரையில், அங்கத்தினரின் பணம் ஓசையின்றிக் கரைந்து போகும் வழிகளில் இதுவும் ஒன்று என்பதும், பணத்தோடு மனிதரின் கையும் முகமும் இதில் பணயமாக இருக்கின்றன என்பதும் என் கருத்து.

இக்கருத்துக்கு நான் வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுவது நேர்மையாகும். சில ஆண்டுகளுக்கு முன்பு நம் மாவட்டத்து விவசாயிகளின் சங்கம் ஒன்றை ஆய்வு செய்யச் சென்றிருந்தேன். சங்கத்தின் பெயர் இங்கே வேண்டா. செலவுச் சீட்டுகளைப் புரட்டி வருகையில் ‘கூலண்ட் 3 லிட்டர், பேட்டரி தண்ணீர் 5 லிட்டர்’ என்று எழுதிய சீட்டு ஒன்று கண்ணில் பட்டது. தொகை ஆயிரம் ரூபாய்க்குள்தான். ஆயினும் முன் ஒப்புதல் இல்லை, தீர்மானம் இல்லை, எந்தக் கணக்குத் தலைப்பில் சேர்ப்பது என்ற குறிப்பும் இல்லை. ‘தண்ணீருக்கு இவ்வளவு செலவு ஏன்?’ என்று ஆய்வுக் குறிப்பில் எழுதினேன். செயலாளர் அத்தொகையைத் தம் கைப்பணத்திலிருந்து கட்டினார். அதன்பின் அத்தகைய சீட்டு எதிலும் அவர் கையொப்பமிடவில்லை. அதே கட்டில், வேறொரு பழுதுக்காகப் பட்டறையொன்று கொடுத்த பல்லாயிர ரூபாய் பில்லும் இருந்தது. மதிப்பீடு, தீர்மானம், ஜி.எஸ்.டி. எண் ஆகிய யாவும் அதில் ஒழுங்காக இருந்தமையால் ஒரு சொல்லும் எழுதாமல் ஏற்றுக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு பங்குனி மாதம், முண்டு மிளகாய் வற்றல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அதே வண்டி எட்டிவயல் சந்தை வளாகத்துக்குப் புறப்பட்டது. நடுவழியில் வெப்பங் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பிற்று. ஓட்டுநர் வண்டியைச் சாலையோரத்துச் சீமைக் கருவேல மர நிழலில் ஒதுக்கி நிறுத்தினார். சந்தை நேரம் தவறிவிடுமே என்ற அவசரம் அவருக்கு. ஐந்து நிமிடங்கூடப் பொறுக்காமல், தோளில் கிடந்த துண்டை மூடியின்மேல் போட்டுத் திருகினார். மூடி கையை விட்டுப் பறந்தது. கொதிநீர் வலது முன்கையிலும் கழுத்திலும் கன்னத்திலும் பாய்ந்தது. கண்கள் தப்பியது தற்செயல் என்றே சொல்ல வேண்டும்.

மூட்டைகள் அன்றைய சந்தைக்குப் போய்ச் சேரவில்லை. சிலிண்டர் ஹெட் வளைந்து, கேஸ்கெட் கருகிப் போயிருந்தது. அதைச் சரி செய்யச் சங்கம் செலுத்திய தொகை, நான் மறுத்த தொகையைப் போல் முப்பது மடங்குக்கு மேல். மருத்துவமனையில் ஓட்டுநரைக் காணச் சென்றேன். “கூலண்ட் கேட்டா, ஆபீசர் எழுதிட்டாரு, இனி வாங்க முடியாதுன்னாங்க சார். அதான் வழியில கிடைச்ச போர் தண்ணியவே ஊத்திக்கிட்டு ஓட்டுனேன்” என்றார். அந்த ஆபீசர் நானே என்பது அவருக்குத் தெரியாது. சொன்னேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசாதிருந்தார்.

இப்பொழுது சங்கங்களிடையே வண்டிகள் பெருகிவிட்டன. 2020-ஆம் ஆண்டுக்குப் பின்னர், பல்நோக்குச் சேவை மையத் திட்டத்தின்கீழ்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பல டிராக்டரும் சரக்கு வண்டியும் வாங்கின. மக்கள் ‘குட்டி யானை’ என்று அழைக்கும் டாட்டா ஏஸ், மகிந்திரா பொலேரோ பிக்கப், அசோக் லேலண்ட் தோஸ்த் போன்ற சிறு வண்டிகளைச் சொந்தமாகவோ வாடகைக்கோ அமர்த்தாத சங்கம் குறைவு. பரமக்குடியிலும் வைகைக்கு அக்கரையிலுள்ள எமனேசுவரத்திலும் நெசவாளர் சங்கங்களுக்கு நூல் வருவதும், நெய்த சேலைகள் கோ-ஆப்டெக்ஸ் கிடங்குக்குப் போவதும் இத்தகைய வண்டிகளில்தான். தீபாவளிக்கு முந்திய வாரத்தில் ஒரு வண்டி இரண்டு நாள் நின்றால் எத்தனை தறி பாவின்றி நிற்கும் என்பதை நெசவாள அங்கத்தினர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டி வந்த அன்று மாலை சூட்டிப் படம் எடுத்துக்கொள்கிறோம். அதன் பின்னர் அதன் வயிற்றில் என்ன போகிறது என்று பார்ப்பவர் இல்லை.

எஞ்சின் குளிர்விக்கப்படும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டீசல் எரிவதால் பிறக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வண்டியை இழுக்கப் பயன்படுகிறது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. எஞ்சியதை எஞ்சினைச் சுற்றியோடும் நீர்மந்தான் சுமந்து வந்து, முன்புறத்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களின் வழியே காற்றில் விட வேண்டும். நீர்மத்தைச் சுழலச் செய்வது வாட்டர் பம்ப். எஞ்சின் சூடேறும்வரை அதை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து, ஏறத்தாழ 80 டிகிரிக்கு மேல் வழிவிடுவது தெர்மோஸ்டாட் என்னும் சிறு வால்வு. காற்றை இழுப்பது விசிறி. இவை யாவும் நேர்த்தியாக இருந்தாலும், சுற்றி வரும் நீர்மம் கெட்டிருந்தால் பயனில்லை.

மூடியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அது வெறும் மூடி அன்று. அளவறிந்து அழுத்தத்தை அடக்கி வைக்கும் வால்வு. வெளிக் காற்றின் அழுத்தத்துக்கு மேல் ஏறத்தாழ இன்னொரு மடங்கு அழுத்தம் உள்ளே நிற்கும்படி அது அமைக்கப்பட்டிருக்கிறது. திறந்த பானையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், அவ்வழுத்தத்தில் 120 டிகிரியளவில்தான் கொதிக்கும். ஆகையால் 110 டிகிரிச் சூட்டிலும் ரேடியேட்டருக்குள் தண்ணீர் கொதிக்காமல் அமைதியாக இருக்கும். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் நீங்குகிறது. அந்நீரின் ஒரு பகுதி உடனே ஆவியாகிறது. ஆவியானது தண்ணீரைப் போல் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் இடம் கேட்பது. அது மீதித் தண்ணீரையும் தள்ளிக்கொண்டு திறந்தவரின் முகத்தில் பாய்கிறது. துண்டு மடித்துப் போட்டுத் திறந்தால் ஆபத்தில்லை என்று நம் ஓட்டுநர்கள் நம்புகிறார்கள். துண்டு சூட்டைத் தடுக்கலாம், பாய்ச்சலைத் தடுக்காது. புதிய வண்டிகள் சிலவற்றில் ரேடியேட்டரின்மேல் மூடியே இராது. பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் தொட்டியின் மூடியே அவ்வேலையைச் செய்யும். பிளாஸ்டிக் தானே என்று அதனிடம் அலட்சியம் காட்டுவோரும் உளர். அதுவும் அதே அழுத்தந்தான்.

இனி நம் மாவட்டத்துக்கே உரிய சங்கடத்துக்கு வருகிறேன். நம் நிலத்தடி நீர் பெரும்பாலான இடங்களில் உவர்ப்பு. அதனால்தான் நம் முன்னோர் ஊர்தோறும் ஊருணி வெட்டி மழைநீரைக் காத்தனர். குடிக்க ஒரு தண்ணீர், புழங்க ஒரு தண்ணீர் என்று இரு குடம் வைத்துப் பழகிய மாவட்டம் இது. அப்படிப்பட்ட நாம், வண்டிக்கு மட்டும் வழியில் கண்ட பம்புசெட்டுத் தண்ணீரை ஊற்றுகிறோம்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், 2012-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, வேறு நல்ல நீர் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டருக்கு 1000 மில்லிகிராம் வரை குளோரைடும், 600 வரை கடினத்தன்மையும், 2000 வரை மொத்தக் கரைபொருளும் இருக்க அனுமதிக்கிறது. பெரிய டீசல் எஞ்சின்கள் செய்வோர் குளிர்விக்கும் நீருக்கு வகுத்திருக்கும் எல்லையைப் பாருங்கள்: குளோரைடு 40, கடினத்தன்மை 170, மொத்தக் கரைபொருள் 340. மனிதன் குடித்து உயிர் வாழத் தகுந்த நீர் எஞ்சினுக்கு ஆகாது என்பது இதனால் விளங்கும். கரைபொருளை அளக்கும் சிறு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதன்பின் நானும் ஒன்று வாங்கிப் பையில் வைத்திருக்கிறேன். கடலோரக் கிராமங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் அதைத் தோய்க்கும்போது, அந்த 340-ஐப் பன்மடங்கு தாண்டிய எண்களையே அது காட்டுகிறது. ஊருணி நீர் உப்புக் குறைந்ததாயினும் வண்டல் கலந்தது. அவ்வண்டல் ரேடியேட்டரின் நுண்குழாய்களில் தங்கிவிடும். ஆகையால் அதுவும் ஆகாது.

உப்பு நீர் உள்ளே என்ன செய்கிறது என்பதை அறிய வெகுதூரம் போக வேண்டா. வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் அளங்களைப் பார்த்திருப்பீர்கள். நீர் ஆவியாகிப் போகிறது, உப்பு நிற்கிறது. மீண்டும் நீர் பாய்ச்சினால் மீண்டும் உப்பு. கசியும் ரேடியேட்டருக்கு நாள்தோறும் அரை லிட்டர் உவர்நீர் ஊற்றி வருவது, எஞ்சினுக்குள் ஓர் அளம் கட்டுவதற்கு ஒப்பாகும். சுண்ணாம்பு உப்புகள் சூடேறிய உலோகத்தின்மேல் படிந்து பொருக்காகின்றன. அப்பொருக்கு வெப்பத்தைக் கடத்தும் திறன் அலுமினியத்தினுடையதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே. வெளியே முள் சரியாக நிற்கும்போதே உள்ளே சிலிண்டரின் சுவர் தகித்துக்கொண்டிருக்கும். குளோரைடோ வேறு வேலை செய்கிறது. அலுமினியத்தைக் காக்கும் மெல்லிய மேற்படலத்தை ஊடுருவி, ஊசி முனையளவு துளையிட்டு அரிக்கிறது. அத்துளை வழியே கசிவு, கசிவுக்கு மேலும் உவர்நீர், அதனால் மேலும் துளை.

எமனேசுவரத்தில் நூலுக்குச் சாயம் ஏற்றுவோரிடம் கேட்டுப் பாருங்கள். எந்தக் கிணற்று நீரில் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும், எந்த நீரில் சமமாக ஏறும் என்று சொல்வார்கள். மிளகாய் பயிரிடுவோர் எந்தக் கிணற்று நீரை நாற்றங்காலுக்கு விடலாகாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். தொழிலில் இவ்வளவு நுட்பமாக நீரின் தன்மை அறிந்த மக்கள் நடத்தும் சங்கத்தில், வண்டிக்கு மட்டும் ‘ஏதோ ஒரு தண்ணி’ என்பது பொருந்துமா?

பரிகாரம் எளியது. கடையில் கலந்தே விற்கப்படும் கூலண்டை வாங்கி அப்படியே ஊற்றலாம். அல்லது கெட்டியான கூலண்டை வாங்கி, உறையில் குறித்துள்ள விகிதப்படி, பேட்டரிக்கு ஊற்றும் வாலை வடித்த தண்ணீரோடு கலந்துகொள்ளலாம். “பனி உறையும் நாட்டுக்குத்தானே அது? இராமநாதபுரத்தில் எங்கே தண்ணீர் உறைகிறது?” என்று ஒரு சங்கத் தலைவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. உறையாமை அதன் ஒரு குணம். நமக்கு அது தேவையில்லை. நமக்கு வேண்டியவை வேறிரண்டு: சரிபாதி கலந்த கூலண்ட் தண்ணீரைவிடச் சில டிகிரி உயர்ந்து கொதிக்கும், அதிலுள்ள அரிப்புத் தடுப்பு மருந்துகள் அலுமினியத்தையும் இரும்பையும் பம்பின் ரப்பர் சீலையும் காக்கும். அம்மருந்துகள் காலப்போக்கில் தீர்ந்துவிடும். ஆதலின், வண்டியோடு வந்த புத்தகத்தில் எத்தனை மாதத்துக்கொருமுறை, அல்லது எத்தனை கிலோமீட்டருக்கொருமுறை மாற்றச் சொல்லியிருக்கிறதோ, அதன்படி மாற்ற வேண்டும். பச்சை, சிவப்பு, நீலம் என்னும் நிறத்தை மட்டும் பார்த்து ஒன்றோடொன்றைக் கலக்கலாகாது. நிறம் வெறும் சாயம். உள்ளிருக்கும் மருந்து நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும்.

ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. கூலண்டில் உள்ள எதிலீன் கிளைகால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரைப் போக்கவல்லது. குளிர்பானப் புட்டியில் அதை ஊற்றிக் கிடங்கின் மூலையில் வைத்திருந்ததை நானே ஒரு சங்கத்தில் கண்டேன். பக்கத்து அறையில் சங்கப் பணியாளரின் குழந்தை விளையாடிக்கொண்டிருந்தது. வாங்கிய கேனிலேயே வைத்துப் பூட்ட வேண்டும். மாற்றும்போது வடித்த பழைய கூலண்டைத் தரையில் கொட்டினால் நாயும் ஆடும் நக்கும். ஊருணிப் பக்கம் கொட்டுவது பெரும் தவறு. கேனில் பிடித்துப் பட்டறையில் ஒப்படைப்பதே முறை.

வெளிப்புறத்தை அரிப்பது கடற்காற்று. 1988 அக்டோபர் 2-ஆம் நாள் பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்படும்வரை தீவுக்குச் செல்ல ரயில் பாலம் ஒன்றே தரைவழி. இன்று சாயல்குடிப் பக்கத்துப் பனைவெல்லமும் பரமக்குடிச் சேலையும் லாரியிலேயே இராமேசுவரம் சேர்கின்றன. 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்துக்கு, உப்புக் காற்றைத் தாங்கவென்றே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனி வகைப் பூச்சும் பயன்படுத்தினார்கள். அத்தகைய காற்றை, காகிதத் தடிமனுள்ள அலுமினியத் தகடுகளாலான நம் ரேடியேட்டர் எந்தப் பூச்சுமின்றி நேராக முகத்தில் வாங்குகிறது. அதோடு மிளகாய்ச் சருகும், பஞ்சுத் துகளும், கருவேலங்கரி ஏற்றும் வண்டியாயின் கரித்தூளும் தகடுகளுக்கிடையே அடைந்துகொள்கின்றன. காற்றுப் புகாவிட்டால் விசிறி சுற்றி என்ன பயன்? கடலோரம் போய் வந்த வண்டியை, எஞ்சின் ஆறிய பின், நல்ல தண்ணீரால், அழுத்தம் குறைத்து, எஞ்சின் பக்கத்திலிருந்து முன்புறம் நோக்கிக் கழுவிவிட வேண்டும். வண்டி கழுவும் நிலையத்தில் பீய்ச்சும் வேகத்தில் அடித்தால் தகடுகள் மடிந்துவிடும். அழுக்கு இருந்ததைவிட அது கேடு.

நாள்தோறும் பார்க்க வேண்டியவற்றுக்குக் கால் மணி நேரமும் ஆகாது. பார்க்க வேண்டிய வேளை விடியற்காலை. எஞ்சின் முற்றும் ஆறியிருக்கும்போது. வண்டி சமதரையில் நிற்கட்டும், சாவி கையில் இருக்கட்டும். மின்விசிறி பொருத்திய வண்டிகளில் எஞ்சின் நின்ற பிறகும் விசிறி தானாகவே சுழலத் தொடங்குவதுண்டு. தொங்கும் துண்டு, வேட்டி முனை, கழுத்துச் சங்கிலி ஆகியவை அங்கே யமன். முதலில் வண்டிக்கடியில் ஈரம் உண்டா என்று பார்க்க வேண்டும். பிறகு பிளாஸ்டிக் தொட்டியில் நீர்மம் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு மூடியைத் திறக்கவே வேண்டியதில்லை. ரப்பர் குழாய்களைக் கையால் அழுத்தினால், நல்ல குழாய் மெத்தென்று அமுங்கி மீளும். வெடிப்பு விட்டதோ, ஊறிப் பருத்ததோ, கட்டை போல் இறுகியதோ, மாற்றத் தகுந்தது. கிளிப்புகளின் ஓரத்தில் வெண்பூச்சாக உப்புப் பூத்திருந்தால் அங்கே கசிவு உண்டு என்று பொருள். பெல்ட்டில் வெடிப்பும் தளர்வும் உண்டா என்று பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை, எஞ்சின் ஆறிய நிலையில் மட்டும், மூடியைக் கழற்றி அதன் ரப்பர் வளையத்தையும் சுருள்வில்லையும் பார்க்கலாம். நீர்மம் துரு நிறமாக இருந்தால் அரிப்பு. எண்ணெய்ப் படலம் மிதந்தால், அல்லது எஞ்சின் ஆயிலின் அளவுகோல் மோர் நிறத்தில் வந்தால், கேஸ்கெட் போய்விட்டது என்று ஐயுற்று வண்டியைப் பட்டறைக்கு விட வேண்டும். அன்று சுமை ஏற்றலாகாது. கசிவே காணாமல் நாள்தோறும் நீர்மம் குறைந்து வந்தாலும் அதே ஐயந்தான்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டி சூடேறினால் அதைக் கழற்றி எறிந்துவிடுவது நம் சாலையோரப் பட்டறைகள் சிலவற்றின் வைத்தியம். முதல் சில நாள் குணம் தெரியும். பின்னர் எஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வராமல் டீசலை அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். எத்தனையோ சங்க வண்டிகள் இவ்விதமே ஓடுகின்றன. டீசல் கணக்கு ஏன் உயர்ந்தது என்று நாமும் ஓட்டுநரையே சந்தேகிக்கிறோம்!

வழியில் முள் ஏறினால் செய்ய வேண்டியது யாது? குளிர்சாதனம் இருந்தால் நிறுத்திவிட்டு, பாதுகாப்பான இடத்தில் ஒதுங்க வேண்டும். ஆவி கிளம்பினால், அல்லது முள் சிவப்பைத் தொட்டால், எஞ்சினை உடனே அணைக்க வேண்டும். ‘இன்னும் நாலு கிலோமீட்டர்தானே’ என்ற எண்ணமே ஹெட்டை வளைக்கிறது. ஆவி அடங்கும்வரை பானெட்டையும் தூக்கலாகாது. அரை மணிக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் காத்தாலும் தகும். அதன் பின்னரும், மேல் ரப்பர் குழாயைத் தடித்த துணி வைத்து அழுத்திப் பார்த்து, அது தளர்ந்திருந்தால் மட்டுமே, முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடியைச் சிறிது திருகி நிறுத்தி, சீறல் முற்றும் அடங்கிய பின் திறக்கலாம். கொதித்த எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் வார்ப்பு விரிசல் விடும். ஆகையால் ஆறிய பின்னரே சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். வேறு வழியின்றி ஊர்த் தண்ணீரை ஊற்ற நேர்ந்தால் அது குற்றமன்று. வண்டி ஊர் சேர்ந்ததும் அதை வடித்து, நல்ல நீரால் அலசி, கூலண்ட் நிரப்பாமல் விடுவதே குற்றம். வண்டியிலேயே ஐந்து லிட்டர் கலந்த கூலண்ட் ஒரு கேனில், சீட்டு ஒட்டி, கட்டி வைத்திருந்தால் இச்சங்கடமும் இல்லை.

யாரேனும் வெந்துவிட்டால், ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை, பேனா மை, மாவு, எண்ணெய் ஆகியவற்றைப் பூசுவது புண்ணைக் கெடுக்கும். ஒட்டிய துணியைப் பிய்க்கலாகாது. சுத்தமான துணியால் தளர மூடி, 108-க்குச் சொல்லி மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். முகத்திலோ கண்ணிலோ பட்டிருந்தால், சிறியதாகத் தோன்றினாலும் தாமதிக்கலாகாது.

இவையெல்லாம் ஓட்டுநருக்குத் தெரியாதவை அல்ல. பெரும்பாலோர்க்குத் தெரியும். தெரிந்தும் செய்ய இயலாதபடி அவர்களை நிறுத்துவது நம் கணக்கு முறை என்பதுதான் நான் சொல்ல வந்தது. சிறிய பராமரிப்புச் செலவுக்குத் தீர்மானம் இல்லை, தலைப்பு இல்லை, கேட்டால் ஐயப்பாடு. பெரிய பழுதுச் செலவுக்கோ எல்லாத் தாள்களும் ஒழுங்காக வந்து சேருகின்றன. 1983-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87-ஆம் பிரிவை நினைத்து, தண்டத்தீர்வை வந்துவிடுமோ என்று செயலாளர்கள் அஞ்சுவது இயல்பு. அவ்வச்சத்தை வளர்ப்பதில் என் போன்ற ஆய்வாளர்க்கும் பங்குண்டு. தாளைப் பார்க்கப் பயிற்சி பெற்றோம். பானெட்டைத் தூக்கிப் பார்க்க யாரும் சொல்லவில்லை.

எதிர்வாதம் ஒன்றும் உண்டு. சிறு செலவுகளுக்குக் கட்டுப்பாடு தளர்ந்தால் பொய்ச் சீட்டுகள் நுழையும் என்பர். உண்மைதான், நுழைந்தும் பார்த்திருக்கிறேன். வாங்காத கூலண்டுக்குப் பில் வைப்பது கடினமன்று. ஆனால் அதைப் பிடிக்கும் வழி செலவையே மறுப்பதன்று. நிர்வாகக் குழுவோ தனி அலுவலரோ ஆண்டுத் தொடக்கத்திலேயே, வண்டிப் புத்தகத்தில் கண்ட இடைவெளிகளின்படி, ‘வாகனப் பராமரிப்பு’ என்னும் தலைப்பில் ஒரு தொகையை ஒதுக்கித் தீர்மானம் நிறைவேற்றட்டும். அதற்குள் செலவிடச் செயலாளருக்கு அதிகாரம் அளிக்கட்டும். வாங்கிய கேனின் காலி டப்பா அடுத்த ஆய்வுவரை கிடங்கில் இருக்கட்டும். ஓட்டுநர் நாள்தோறும் ஒரு நோட்டில் நாள், கிலோமீட்டர், தொட்டியின் மட்டம், ஊற்றிய அளவு, ஊற்றிய நீர்மத்தின் வகை ஆகிய ஐந்தை மட்டும் எழுதட்டும். மட்டம் குறையாத வண்டிக்கு மாதந்தோறும் கூலண்ட் வாங்கியிருந்தால் நோட்டே காட்டிக்கொடுத்துவிடும். மட்டம் குறைந்து வந்தால், பழுது பெரிதாகுமுன் அதுவும் அந்த நோட்டிலேயே தெரியும்.

சுமை நேரத்தைப் பற்றியும் குழுவினர் ஒரு முடிவு செய்ய வேண்டும். வண்டி சூடேறி நின்றதனால் சந்தை தவறினால் அப்பொறுப்பு ஓட்டுநருடையது அன்று என்று அவரிடம் முன்கூட்டியே, தெளிவாக, கூடுமானால் எழுத்திலேயே சொல்லிவிட வேண்டும். மரத்தடியில் ஒரு மணி நேரம் காத்திருக்க அவருக்குத் துணிவு தருவது அச்சொல்தான். நான் முன்னே குறிப்பிட்ட ஓட்டுநருக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

அவர் இன்றும் அதே சங்கத்தில் வேலை பார்க்கிறார். வலது கையின் இரண்டு விரல்கள் முழுதும் மடங்குவதில்லை. சென்ற முறை ஆய்வுக்குப் போனபோது, நான் கேட்குமுன்பே நோட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தார். மட்டம் இரண்டு முறைதான் குறைந்திருந்தது, இரண்டு முறையும் காரணம் எழுதியிருந்தது. கூலண்ட் செலவுச் சீட்டு கட்டில் ஒழுங்காகச் சேர்க்கப்பட்டிருந்தது. வரும் பங்குனிக்குள் என் வட்டாரத்துச் சங்கங்கள் யாவற்றுக்கும் ஆய்வுக்கு வருவேன். ரொக்கப் புத்தகத்தைக் கேட்குமுன் இந்த நோட்டைக் கேட்பேன் என்பதைச் செயலாளர்களுக்கு இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.